வயிற்றுக்குப் பயந்து குறைத்த உணவும் வலுவிழந்த கால்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் 76 வயது அம்மையார் உணவாலோசனைக்காக என்னிடம் அனுப்பப்பட்டார். கடிதத்தில் மூன்று குறைகள் எழுதப்பட்டிருந்தன: வயிறு உப்புசம், மலச்சிக்கல், பசியின்மை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருபது ஆண்டுகளாக உண்டு. உயரம் 150 செ.மீ., எடை 46.5 கிலோ. உடல் எடைக் குறியீட்டெண் ஏறத்தாழ 20.7, அதாவது இயல்பான வரம்பு. அந்த ஓர் எண்ணே பல மாதங்களாக எல்லாருடைய கண்ணையும் மறைத்திருந்தது. பழைய அட்டையைப் புரட்டியபோது, ஓராண்டுக்குச் சற்று முன்பு அவர் 54 கிலோ இருந்தது தெரிந்தது. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே காரணம் தேட வேண்டும். இவருக்குக் குறைந்திருந்தது கிட்டத்தட்ட 14 விழுக்காடு.

மருமகள் கூட வந்திருந்தார். "அத்தைக்குச் சர்க்கரை இப்போது நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, அதுதான் ஒரே ஆறுதல்" என்றார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 விழுக்காடு. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. சாப்பிடாதவருக்குச் சர்க்கரை ஏறாது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதியவருக்குத் திடீரென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் 'நன்றாகக் கட்டுப்பட்டால்', மகிழ்வதற்கு முன் தட்டைப் பார்க்க வேண்டும்.

அவர் கையை நீட்டியபோது தங்க வளையல்கள் இரண்டும் முழங்கை வரை சரிந்து ஏறின. விரல் மோதிரம் கழன்று விழாமலிருக்க அடியில் நூல் சுற்றியிருந்தார். புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான தசை குழிந்து போயிருந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது இரு கைகளையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஓர் ஆட்டம் ஆடி, அதன் பிறகே எழுந்தார். பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது: முந்தைய மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். எலும்பு முறியவில்லை என்பதால் அதை யாரும் மருத்துவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து தேக்கா சந்தைக்கு அவர் தனியாகப் போவதில்லை.

அளந்து பார்த்தவை

சார்கோபீனியா எனப்படும் மூப்புத் தசையிழப்பைக் கண்டறிய ஆசியப் பணிக்குழு 2019இல் வெளியிட்ட அளவுகோல்களை நாங்கள் பயன்படுத்துகிறோம். பெண்களுக்குக் கைப்பிடி வலிமை 18 கிலோவுக்குக் குறையக் கூடாது, இவருக்கு 12. கெண்டைக்கால் சுற்றளவு 33 செ.மீ.க்குக் குறைந்தால் ஐயப்பட வேண்டும்; இவருக்கு 29.5. நடை வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் குறைபாடு, இவர் 0.6. கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவதற்கு 12 நொடி ஆனாலே அது குறைபாடு. இவரால் ஒரு முறைகூட முடியவில்லை. மின்தடை முறையில் அளந்த கைகால் தசைக் குறியீட்டெண் 4.9, பெண்களுக்கான எல்லை 5.7. தசையின் அளவு, வலிமை, செயல்திறன் மூன்றும் குறைந்திருந்தால் அதைக் கடுமையான தசையிழப்பு என்று வகைப்படுத்துகிறோம். இவர் அந்த வகையில் இருந்தார்.

இந்த அளவீடுகளுக்குத் தேவையானவை ஒரு நாற்காலி, ஒரு அளவு நாடா, ஒரு கைப்பிடிமானி, நொடி காட்டும் கடிகாரம். தசைக் குறியீட்டெண்ணுக்கு மட்டுமே தனிக் கருவி வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவை வீட்டிலேயே தையல் நாடாவால் அளந்துகொள்ளலாம். வயிற்றுக் கோளாறுக்காக வரும் ஒவ்வொரு முதியவருக்கும் இவற்றைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர்கள் தொடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாக விலகிய உணவு

"எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை அம்மா" என்றார். எது, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மிகவும் பயன் தந்தது இந்த உரையாடல்தான்.

முதலில் போனது பால். ஒருமுறை நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தபோது நிறுத்தினார். வயிற்றுப்போக்கு நின்றது, பால் திரும்பவில்லை. அடுத்தது துவரம்பருப்பும் கடலையும், வாயு. கோழி போனதற்குக் காரணம் வயிறே இல்லை, பல். எடை குறைந்ததில் ஈறு சுருங்கி, பல்செட் தளர்ந்துவிட்டது. மீன் முள் ஒருமுறை தொண்டையில் குத்தியது, மீனும் போயிற்று. முட்டை மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு புரட்டாசி வந்தது. வழக்கம்போல அந்த மாதம் முழுவதும் சைவம், சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில். புரட்டாசி முடிந்த பின் வீட்டில் மற்றவர்கள் அசைவத்துக்குத் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. "மனம் வரவில்லை" என்றார். பசியற்ற முதியவர்களுக்கு விரதம் தொடங்குவது எளிது, முடிப்பதுதான் கடினம்.

மிஞ்சியது இதுதான்: காலையில் பால் இல்லாத தேநீரும் நான்கு பிஸ்கட்டும். மதியம் ரசஞ்சோறு, கொஞ்சம் காய். மாலையில் மறுபடி தேநீர். இரவில் கஞ்சி, ஊறுகாய். புரதத்தைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 20 கிராமைத் தாண்டவில்லை, கிலோ எடைக்கு அரை கிராம்கூட இல்லை. 65 வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவருக்கே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று 2013இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் பரிந்துரை சொல்கிறது, நோயுற்றவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை. முதுமையில் தசைக்குப் புரதத்தின் மீதான 'கேட்கும் திறன்' மங்கிவிடுகிறது. இளைஞர் ஒருவரின் தசை சிறிதளவு புரதத்துக்கே விழித்துக்கொள்ளும். முதியவருக்கு ஒரே வேளையில் 25 முதல் 30 கிராம் வரை கிடைத்தால்தான் தசை கட்டும் வேலை சரியாகத் தொடங்கும். கஞ்சியும் ரசமும் அந்த அளவை எட்டவே முடியாது.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது சரி. மாதக்கணக்கில் அதுவே இரவு உணவானால், வயிறு நிரம்பியிருக்கும், தசை பட்டினி கிடக்கும்.

குடலுக்குள் என்ன இருந்தது

எடைக் குறைவும் மலப்பழக்க மாற்றமும் சேர்ந்து வந்தால் முதலில் புற்றுநோயை விலக்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் மிகப் பரவலான புற்றுநோய்களில் ஒன்று. 50 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்துகொள்ளும்படி இங்கே அறிவுறுத்தப்படுகிறது. இவரும் முந்தைய ஆண்டு செய்திருந்தார், இரத்தம் இல்லை என்று வந்தது. ஆனால் அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனை. இவரைப்போல் இரத்தசோகையும் எடைக்குறைவும் உள்ளவருக்கு அந்த விடை போதாது. பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, இரைப்பையையும் பெருங்குடலையும் அகநோக்கியால் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. பெருங்குடல் சுவரில் சில சிறு பைகள் இருந்தன. அந்த வயதில் அது வழக்கமானது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும், நாட்பட்ட அழற்சியால் மெலிந்த உட்சுவரும் தெரிந்தன. வயிற்று எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுவதும் மலம் தேங்கியிருந்தது.

அந்தத் தேக்கம்தான் பசியின்மைக்கு ஒரு பெரிய காரணம். பெருங்குடல் நிரம்பியிருந்தால் இரைப்பை காலியாவதும் தாமதமாகும். இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்த உணர்வு வரும். மூப்பில் இயல்பாகவே இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, நிறைவை உணர்த்தும் ஹார்மோன் கூடுகிறது. அதற்கு மேல் இதுவும்.

இரத்தத்தில் பி12 மிகக் குறைவு. காரணங்கள் மூன்று ஒன்றுசேர்ந்திருந்தன: மெலிந்த இரைப்பைச் சுவர், பல ஆண்டுகளாக உட்கொண்ட நீரிழிவு மாத்திரை மெட்ஃபோர்மின், முழங்கால் வலி மாத்திரைக்குத் துணையாக எப்போதோ எழுதிக் கொடுக்கப்பட்ட ஒமெப்ரசோல் என்ற அமிலமடக்கி. வலி மாத்திரை நின்று நீண்ட காலமாகிவிட்டது, துணை மாத்திரை மட்டும் தொடர்ந்துகொண்டிருந்தது. உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் அது தடைப்படும். அவர் சாப்பிட்டுவந்த கால்சியம் கார்பனேட் மாத்திரையும் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரையும், போதாக்குறைக்கு மலத்தைக் கட்டவும் செய்யும். பயன் குறைந்து, தொல்லை மட்டும் மிஞ்சிய மாத்திரை அது. வைட்டமின் டியும் குறைவாகவே இருந்தது.

சிறுநீரகக் கணக்கு தனியாகச் சொல்லத்தக்கது. கிரியாட்டினின் மிகக் குறைவாக இருந்ததால் சிறுநீரகம் 'அருமையாக' இருப்பதாக அறிக்கை சொன்னது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே கரைந்தவருக்கு அது குறைவாகத்தான் காட்டும். மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு சோதனையையும் எடுத்தார். உண்மையான வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 62 மி.லி. என்று வந்தது. புரதத்தைக் கூட்டுவதற்கு அது தடையில்லை. ஆனால் இதைப் பாராமல் புரதத்தைக் கூட்டச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன்.

ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டபோது தயங்கினார். மருமகள் வெளியே போன பிறகுதான் சொன்னார்: கழிப்பறைத் தொட்டியிலிருந்து எழ முடியவில்லை. இரவில் ஒருமுறை அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பணிப்பெண்ணை எழுப்ப வெட்கம். அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை, மலம் வந்தாலும் அடக்கிக்கொள்வது. ஆக, தொடை வலுவிழந்ததால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் பசியின்மை, பசியின்மையால் தொடை இன்னும் வலுவிழத்தல். முக்குவதற்கு வேண்டிய வயிற்றுத் தசையும் இடுப்புத் தளத் தசையும் இதே தசைகள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடலுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒருவர் என்று தனித்தனியே பார்த்தால் இந்தச் சுழல் கண்ணில் படாது.

செய்தவை

கழிப்பறையிலிருந்தே தொடங்கினோம். தொட்டியின் மேல் பொருத்தும் உயர்த்தியும் பக்கத்தில் கைப்பிடியும் வாங்கச் சொன்னேன். முதியவர்களுக்கான வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகள் மானியத்துடன் பொருத்தப்படுகின்றன. பாதத்தை வைக்க ஒரு சிறு முக்காலி; உயர்த்தப்பட்ட தொட்டியில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலை உணவு முடிந்த அரை மணிக்குள் அங்கே போய் உட்காருவது; உணவு உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அதுதான்.

மருத்துவர் மாக்ரோகோல் பொடி கொடுத்துத் தேங்கிய மலத்தை வெளியேற்றினார். அதற்கு முன் நார்ச்சத்தைக் கூட்ட நான் சம்மதிக்கவில்லை. தேங்கிய குடலுக்குள், தண்ணீரும் போதாமல், இசப்கோலையும் ஓட்ஸையும் திணித்தால் உப்புசம்தான் கூடும். குடல் இளகிய பிறகு பப்பாளி, அதற்குப் பிறகு தினமும் இரண்டு பச்சைக் கிவி. மலச்சிக்கலுக்குக் கிவி உதவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேரங்காடியில் எளிதாகக் கிடைக்கிறது, தோலைச் சீவிக் கரண்டியால் சாப்பிடலாம்.

மாத்திரைகளில் மெட்ஃபோர்மின் அளவு குறைக்கப்பட்டது. கால்சியம் கார்பனேட்டுக்குப் பதில் சிட்ரேட் வந்தது. பி12 ஊசி தொடங்கியது. பைலோரி கிருமிக்கான மருந்துகளை உடனே கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் அமிலமடக்கியும் சேர்ந்த அந்தச் சிகிச்சை வாயைக் கசக்கவைத்து, இருக்கிற பசியையும் எடுத்துவிடும். கொஞ்சம் எடை ஏறிய பின் அதை முடித்து, அத்தோடு ஒமெப்ரசோலையும் நிறுத்தலாம் என்பது திட்டம். இந்த முறையில் மாற்றம் வேண்டுமென்றால் அதைச் செய்ய வேண்டியவர் மருத்துவர். யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

இலக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் புரதம். ஒரேயடியாக அல்ல. விலகிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் உணவைத் திரும்பக் கொண்டுவருவோம் என்றேன். முட்டை முதலில். "புரட்டாசி முடிந்து எவ்வளவு நாளாயிற்று அம்மா, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்றதும் சிரித்தார். பிறகு மீன்: முள் பயத்துக்குத் தீர்வாக, மீன் சூப்புக்கு வெட்டித் தரும் பாத்தாங் மீனின் முள்ளில்லாத துண்டு. பல்செட்டைச் சரிசெய்ய முன்னோடித் தலைமுறை அட்டையோடு சாஸ் என்ற மானியத் திட்டத்திலுள்ள பல் மருந்தகத்துக்குப் போனார்கள். பருப்பில் துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு, இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவது. குடல் பழகுவதற்கு அவகாசம் வேண்டும். பல மாதம் பருப்பே காணாதவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் ஊற்றினால் மறுபடி 'ஒத்துக்கொள்ளவில்லை' என்றுதான் வரும். பாலுக்குப் பதில் தயிர்; உறையும்போது லாக்டோஸ் ஓரளவு குறைந்துவிடுவதால் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது.

மூன்றாம் மாதத்தில் தட்டு இப்படி இருந்தது. காலையில் மூன்று இட்லி, கெட்டியான பாசிப்பருப்புச் சாம்பார், ஒரு முட்டை. சுமார் 18 கிராம். மதியம் சோறு, 80 கிராம் மீன், காய், தயிர், 24 கிராம். மாலையில் சீனி குறைத்த சோயாப் பால், 6 கிராம். இரவில் அதே கஞ்சிதான், ஆனால் அதில் உதிர்த்த தௌகுவாவோ (கெட்டியான சோயாக் கட்டி) அடித்த முட்டையோ கலந்தது. 10 முதல் 12 கிராம். கஞ்சியைப் பறிக்காமல் கஞ்சிக்குள்ளேயே புரதத்தைச் சேர்த்தது பணிப்பெண்ணின் யோசனை. சமைப்பவரை ஆலோசனை அறைக்குள் அழைத்து உட்காரவைக்காத உணவுத்திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

உணவு மட்டும் தசையைத் திருப்பித் தராது. 1990இல் அமெரிக்காவில் சராசரியாக 90 வயதான முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. வயதாகிவிட்டது என்று தட்டிக்கழிக்க அதற்குப் பிறகு இடமில்லை. இயன்மருத்துவர் முதலில் இரண்டு மெத்தைகளை அடுக்கிய நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். பழகப் பழக மெத்தை ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டது. பிறகு மீள்பட்டை, கணுக்கால் பளு. இப்போது புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள துடிப்புடன் மூப்படைதல் நிலையத்தில் வாரம் இரண்டு முறை.

குடும்பத்தார் புரோபயாட்டிக் பொடி ஒன்றை வாங்கி வந்து கேட்டார்கள். குடல் நுண்ணுயிர்களுக்கும் தசைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன, உண்மை. 60 வயதைத் தாண்டிய 36 இரட்டையர் இணைகளை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனையில், நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ப்பொடி சேர்த்தவர்களின் குடல் நுண்ணுயிர்கள் மாறின, நினைவாற்றல் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழும் வேகத்தில் வேறுபாடு இல்லை. அந்தப் பொடிக்குக் கொடுக்கும் பணத்தில் மீன் வாங்குங்கள் என்றேன்.

விளைவு

மூன்று மாதத்தில் எடை 48.2 கிலோ, கைப்பிடி 14.5. நான்கு நாளுக்கு ஒருமுறை இருந்த மலங்கழிப்பு ஒன்றுவிட்டு ஒரு நாளானது. உப்புசம் முழுமையாகப் போகவில்லை, சாப்பிடுவதைத் தடுக்கும் அளவுக்கும் இல்லை. கை ஊன்றாமல் ஐந்து முறை எழ 19 நொடி ஆயிற்று.

அதன் பிறகு சளிக்காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டார். முதுமையில் படுக்கை எவ்வளவு கொடியது என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுத்திருந்ததில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசைத் திசுவை இழந்தார்கள். இவருக்கும் எடை சரிந்தது. இந்த முறை வீட்டில் விழிப்பாக இருந்தார்கள். ஒவ்வொரு வேளைக்கும் கட்டிலிலிருந்து எழுப்பி மேசைக்கு அழைத்து வந்தார்கள். கஞ்சியில் முட்டை தொடர்ந்தது. சரிந்தது சில வாரங்களில் திரும்பி வந்தது.

ஆறு மாத முடிவில் எடை 49.6 கிலோ, கைப்பிடி 16, கெண்டைக்கால் 30.5 செ.மீ., ஐந்து முறை எழ 14.5 நொடி, நடை வேகம் 0.85. தசைக் குறியீட்டெண் 4.9இலிருந்து 5.1 மட்டுமே. அளவுகோலின்படி அவருக்கு இன்னும் தசையிழப்பு உண்டு. வலிமை முதலில் திரும்பும், அளவு பின்னால் மெல்ல வரும். சில வேளை முழுதாக வராமலும் போகலாம். அதை அவரிடமும் குடும்பத்திடமும் மறைக்காமல் சொன்னேன். கழிப்பறையிலிருந்து இப்போது தானாக எழுகிறார், தண்ணீரும் குடிக்கிறார். பைலோரி சிகிச்சை முடிந்தது, ஒமெப்ரசோல் நின்றது. எலும்பு அடர்த்திச் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம்.

அடுத்த புரட்டாசிக்கு விரதம் இருப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. அந்த மாதத்துக்கான தட்டை இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: காலை இட்லியோடு முட்டைக்குப் பதில் 60 கிராம் தௌகுவாப் பொரியல், மதியம் மீனுக்குப் பதில் 100 கிராம் தௌகுவாவும் கெட்டித் தயிரும், மாலையில் சோயாப் பால், இரவுக் கஞ்சியில் மசித்த பாசிப்பருப்பு. புரட்டாசி முடிந்த மறுநாளுக்கு மீன் என்று மருமகள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.